இளைத்த கம்பி

கம்பி இளைத்திருக்கிறது என்பது எனக்கு இரண்டு மாதம் முன்பே தெரியும். சொல்லவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கெட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் நான் ஒரு சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வருவேன், அப்போது யாரும் என்னைப் பெரிய யோக்கியன் என்று நினைத்துவிடக் கூடாது.

நான் கண்ணாடி ஊதுகிறவன். பூச்சாடியும் பொம்மையும் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேண்டிய குடுவை, குழாய், மூடி. கூடத்தின் பின்பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அங்கே எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்து சீறுகிற சுடருக்கு முன்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வீடும் பத்து நிமிட நடையில்தான். நான் கீழ்வீடு. மேல்வீட்டில் கரிக்காரியும் அவள் புருஷனும்.

கரிக்காரி என்பது கூடத்தில் வைத்த பெயர். இரும்பு உப்பையும் இன்னும் ஏதேதோ தூள்களையும் சேர்த்து அரைத்து, உலையில் காற்றுப் படாமல் சுட்டு, கன்னங்கரேல் என்று ஒரு பொடி எடுப்பாள். அவள் நகக்கண் வெளுத்து நான் பார்த்ததில்லை. பொடிக்கு ஒரே வேலை: காற்றில் இருக்கிற ஆக்சிஜனைப் பிடித்து, மின்கலத்துக்குள் வேலை வாங்குவது. பிளாட்டினம் இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்யும். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். "இரும்பும் கரியும் அதே வேலையச் செஞ்சா, இல்லாதவங்க வீட்டுக்கும் பெட்டி போகும்ணே" என்பாள். ஏழு வருஷம் இதே பாட்டு.

அவளுக்கு அதில் சொந்தக் காரணமும் இருந்தது. அவள் புருஷன் கல் அறுக்கிற பட்டறையில் இருந்தவன். தூசு நெஞ்சில் படிந்து நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற இயந்திரம் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் ஓடும். அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். அதனால் வாய் ஓய்ந்ததா? எங்கள் தெருவில் அவன் பெயர் ரேடியோ. நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவான், ஆனால் பேசுவான். அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுவதால் நான் அவனுக்கு மச்சான். அந்த ஒரு உறவை வைத்துக்கொண்டு அவன் என்னைப் படுத்தாத பாடு கிடையாது.

கடைசியில் பொடி ஜெயித்தது. சோதனை நடந்தது நான் ஊதிய குடுவையில்தான். காரக் கரைசலுக்குள் ஒரு பக்கம் பொடி பூசிய முனை, எதிர்ப்பக்கம் பிளாட்டினக் கம்பிச் சுருள். மின்சாரம் சுற்றி வர எதிர்முனை ஒன்று வேண்டும், அதற்குத்தான் கம்பி. எல்லாக் கூடத்திலும் அதுதான் வழக்கம். பரீட்சை எழுதுவது பொடி, கம்பி சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பத்து நாள் ஓட்டினாள். எந்தப் பொடியும் ஓட ஓடத் தேயும். இது ஓட ஓடத் தேறியது. கூடத்தின் தலைவரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, மின்சாரம் போனால் மூச்சு இயந்திரத்தை எட்டு மணி நேரம் ஓட்டும் என்று பெட்டிகள் செய்தார்கள். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாக ஓடியது. அவசரம், அதற்கு மேல் பார்க்கவில்லை. பன்னிரண்டு நோயாளிகளின் வீட்டில் பெட்டியை வைத்தார்கள். பன்னிரண்டாவது ரேடியோ வீடு. பெட்டி வந்ததும் ஆஸ்பத்திரிக்காரர்கள், அவசரத்துக்கென்று கொடுத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ரேடியோ தன் சிலிண்டருக்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டான். "போய்ட்டு வா ராசா. இனிமே எம் பொண்டாட்டி பெட்டி இருக்கு."

பத்து நாள் சோதனை முடிந்ததும் கம்பி என்னிடம் வந்தது. சுருள் கோணிவிட்டது, நேராக்கித் திரும்பச் சுற்ற வேண்டும். மூடியில் அந்தக் கம்பிக்கென்றே நான் போட்ட துளை வழியாக இழுத்தேன். பிடித்துக்கொண்டு வர வேண்டிய கம்பி லொடலொட என்று ஆடியது. விரலில் உருட்டிப் பார்த்தேன். பாதிதான் இருந்தது.

போன வருஷம் ஒரு பிளாட்டினத் தட்டு காணாமல் போனபோது, கூட்டிப் பெருக்குகிறவரை மூன்று நாள் உட்காரவைத்துக் கேட்டார்கள். தட்டு அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. அவர் அதற்கப்புறம் வேலைக்கு வரவில்லை. இந்தக் கம்பியைக் கையில் எடுக்கிறவன் நான். அறுக்கவும் உருக்கவும் சுடர் வைத்திருக்கிறவனும் நான். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் ஒன்றும் இல்லை, பயம் மட்டும் மலையளவு இருந்தது. துளைக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையத்தைத் திணித்து, கம்பி ஆடாதபடி இறுக்கிக் கொடுத்துவிட்டேன்.

புயல் வந்த அன்று காலை எட்டு மணிக்கு அவள் என் அறைக்கு வந்தாள். தலைகூட வாரவில்லை. கூரைத் தகரம் அப்போதே தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, கதவச் சாத்துங்க."

சாத்தினேன்.

"நீங்க மூணு நாள் முன்னாடி கம்பிக்குப் பதிலா கரிக்கோல் மாட்டிக் குடுத்தீங்கல்ல?"

கொடுத்திருந்தேன். அவளுடைய கட்டுரையைப் படித்த வெளியூர்க்காரர் யாரோ ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தார்: எதிர்முனையில் பிளாட்டினம் வைத்தீர்களா? ஆம் என்றால் அதை எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டிக் காட்டுங்கள். அப்போது அவள் சிரித்தாள். "வயித்தெரிச்சல்ணே இது" என்றாள்.

"பொடி விழுந்துடுச்சுண்ணே. முதல் ஒரு மணி நேரம் நல்லா நிக்குது. அப்புறம் வழுக்கிக்கிட்டே போகுது."

"முன்னாடி தேறுச்சே?"

"தேறுனது என் பொடி இல்ல. கம்பி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு, கரைசல் வழியா வந்து பொடி மேல ஒட்டியிருக்கு. பரீட்சை எழுதுனது பிளாட்டினம். மார்க்கு வாங்குனது நான்."

"பெட்டிக்குள்ள பிளாட்டினமே கிடையாதே?"

"அதான்ணே!" என்று கத்திவிட்டாள். பிறகு குரலை இறக்கினாள். "எட்டு மணி நேரம்னு எழுதி ஒட்டியிருக்கேன். ரெண்டே முக்கால் மணி நேரம்கூட தாங்குமான்னு தெரியல. காத்து அதிகமாகுதுன்னு மத்தியானமே கரண்ட நிறுத்தப் போறாங்களாம். திரும்ப வர எப்படியும் ராத்திரி ஆயிடும்."

அவள் ஒரு காகித மடிப்பைப் பிரித்துக் கம்பியைக் காட்டினாள்.

"எடை போட்டேன். பாதியக் காணோம். நீங்க திரும்பச் சுத்திக் குடுத்தப்ப இளைச்ச மாதிரி தெரிஞ்சுதாண்ணே?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்.

பெரிய சார் அறைக்கு அவள் போனபோது நான் வெளியே நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது.

"பாதிக் கம்பி கரைஞ்சுடுச்சா? நல்லா இருக்கே கதை" என்றார் பெரிய சார். "யாரோ வெட்டி எடுத்திருக்காங்கம்மா. அந்தக் கண்ணாடிக்காரர் கையிலதான எப்பவும் இருக்கு?"

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணன் மேல பழி போடாதீங்க சார்" என்றாள். குரல் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "காணாமப் போன பாதி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பொடியச் சுரண்டி எடுத்துப் பாத்துட்டேன். எல்லாம் அதுலதான் இருக்கு."

பெரிய சாரின் நாற்காலி கிரீச்சிட்டது.

"சரி. புயல் போகட்டும், பேசிக்கலாம்" என்றார். "இப்பப் போய்ச் சொன்னா பன்னெண்டு வீட்லயும் அலறிடுவாங்க. நம்ம மானம் கப்பலேறிடும்."

"மானத்த அப்புறம் இறக்கிக்கலாம் சார். மூச்சு போனா யாரு கொண்டுவருவா?"

இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்டது. வேன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் பயந்துதான் போயிருந்தார்.

ஆஸ்பத்திரி சிலிண்டர் கிடங்கில் கணுக்கால் அளவு தண்ணீர். கிடங்குக்காரர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். "பதினொண்ணுதான் இருக்கும்மா. உள்ள இருக்கிறவங்களுக்கு வேணும்ல" என்றார்.

"மிச்சம் இருக்கிற ஒரு ஆளை இங்கயே கூட்டிட்டு வந்துடலாமா?" என்று நான் கேட்டேன்.

"எங்க படுக்க வைப்பீங்க, என் தலையிலயா? கீழ்த்தளத்துல இருக்கிறவங்களையே மாடிக்குத் தூக்கிட்டு இருக்கோம். வராந்தாவுல நிக்க இடம் இல்ல."

அவள் பேனாவை எடுத்து விலாசங்களை எழுதினாள். நான் தோள் வழியாக எட்டிப் பார்த்தேன். பதினொன்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"உன் வீடு?" என்றேன்.

"எழுதல."

"அம்மா, அவன் உன் புருஷன்."

"தெரியும்ணே. பெட்டியச் செஞ்சதும் நான்தான். அந்தப் பதினோரு வீட்டுக்காரங்களும் எட்டு மணி நேரம்னு நம்பி உக்காந்திருக்காங்க. ரெண்டே முக்கால்னு தெரிஞ்சவ நான் ஒருத்திதான். தெரிஞ்சவ வீட்லயே அது இருக்கட்டும்."

வேன் ஓட்டுநரும் நானும் சிலிண்டர்களை ஏற்றினோம். பதினோராவது வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது தெருவில் மரம் விழுந்திருந்தது. வேனை ஓட்டுநரிடம் அங்கேயே விட்டுவிட்டு அவளும் நானும் மீதித் தூரத்தை நடந்தோம். பன்னிரண்டரைக்குத் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து ஒரு பொறி தெறித்தது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது.

மேல்வீட்டுக்கு ஏறியபோது பெட்டி வேலையை எடுத்துக்கொண்டிருந்தது. மூச்சு இயந்திரம் வழக்கம்போல உஸ்ஸென்று ஓடியது. ரேடியோ கட்டிலில் சாய்ந்து, ரொட்டியைத் தேநீரில் முக்கித் தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க மச்சான். பாத்தீங்களா, கரண்ட் போனது... எனக்குத் தெரியவே இல்ல. இதுக்கு ஒரு பேரு... வைக்கணும். மகாராணின்னு."

அவள் ஈரத்தோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. கம்பி, பொடி, பதினொரு சிலிண்டர், ரெண்டே முக்கால் மணி நேரம். ரொட்டி தேநீருக்குள் கரைந்து விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

"அப்ப என் சிலிண்டர்?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"பதினோராவது வீடு. ஸ்கூல் வாத்தியாரம்மா. எழுபது வயசு."

"எழுபது வயசா? இன்னும் கொஞ்சம்... சின்ன வயசா பாத்துக் குடுத்திருக்கக் கூடாதா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பயமா இருக்குடி" என்றான்.

"எனக்கும்தான். பேசாத. பேசினா மூச்சு கூடுதலா வேணும். அளவக் குறைச்சு வைக்கிறேன், பெட்டி கொஞ்சம் கூட நிக்கும்."

ரேடியோ வாயை மூடிக்கொண்டான். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குக் கீழே குடியிருக்கிறேன். அந்த அமைதியை நான் கேட்டதே இல்லை. காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. பெட்டியின் முகப்பில் ஒரு முள். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒரு மணி நேரம் பச்சையில் அசையாமல் நின்றது. பிறகு அவள் காலையில் சொன்னபடியே வழுக்க ஆரம்பித்தது. அவள் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினாள். புருஷன் மூச்சையும் எழுதினாள், முள்ளையும் எழுதினாள். எழுதாமல் இருந்தால் அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முள் மஞ்சளுக்கு வந்தது. ரேடியோ பழைய செய்தித்தாளின் ஓரத்தில் எதையோ கிறுக்கி என்னிடம் நீட்டினான். "மச்சான், மூஞ்சிய மாத்துங்க. உங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயம் வருது."

நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் அவனுடைய குழாய் உஸ்ஸென்று இரைந்தது. இருபத்தாறு வருஷமாக என் காதில் விழுகிற சத்தம் அது. சுடர் பற்றவைக்கும் முன் குழாயில் வருகிற அதே சத்தம்.

"அட மடையா!" என்று எழுந்தேன்.

"என்னண்ணே?"

"என் அறையில ஆக்சிஜன் சிலிண்டர் சங்கிலி போட்டு நிக்குதும்மா! காலையில இருந்து ஊரெல்லாம் அலையுறோம். தினம் அது மேலதான் சட்டையக் கழட்டி மாட்டுறேன்!"

அவளும் வாயில் கை வைத்தாள். அவளும்தான் ஏழு வருஷமாக அதைப் பார்க்கிறாள். சுடருக்கு உள்ள ஆக்சிஜன் என்றால் சுடருக்குத்தான் என்று எங்கள் மண்டையில் ஏறிப்போயிருந்தது.

பத்து நிமிட நடை என்றேன் அல்லவா? அன்றைக்கு அரை மணி ஆயிற்று. தண்ணீர் முழங்காலுக்கு மேல். என் அறையின் கூரைத் தகரத்தில் பாதி பறந்துவிட்டது. சிலிண்டர் மட்டும் சங்கிலியோடு நின்றது. ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்க் கை படவே கூடாது, தீப்பிடிக்கும். மழையிலேயே கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். புதுக் குழாய்ச் சுருள் ஒன்றை எடுத்தேன். தண்ணீருக்குள் குமிழி விடுகிற ஒரு குடுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன், வாயு எவ்வளவு வருகிறது என்று குமிழியைப் பார்த்தால் தெரியும். இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் சிலிண்டரைச் சாய்த்துக் கட்டினேன். ஆள் கனத்துக்கும் மேலே இருக்கும் இரும்பு. வழியில் இரண்டு தடவை விழுந்தது. இரண்டு தடவையும் எப்படித் தூக்கினேன் என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது.

வீட்டு வாசலில் நுழையும்போதே மேலேயிருந்து பீப் என்று ஒரு நீண்ட சத்தம் கேட்டது. அது நின்றது. உஸ் சத்தமும் நின்றது.

"அண்ணே!" என்று அலறினாள். "நின்னுடுச்சு! உதடு நீலம் பாரிக்குதுண்ணே!"

சிலிண்டரை மாடிக்கு ஏற்ற நேரமில்லை. படிக்குக் கீழேயே நிறுத்தி, குழாயை மாட்டி, சுருளைப் பிரித்துக்கொண்டே பதினாறு படியும் ஏறினேன். ரேடியோவின் உதடு நீலமாக இருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின, உள்ளே ஒன்றும் போகவில்லை. கண் மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. குடுவையில் தேநீர்ப் பாத்திரத்துத் தண்ணீரை ஊற்றி, நான் கொண்டுவந்த குழாயையும் அவன் மூக்குக் குழாயையும் அதில் இணைத்தேன்.

"இது மூச்சுக்கு ஆகுமா?" என்றாள்.

"அதே காத்துதான்னு விக்கிறவன் சொல்வான். எழுதிக் குடுன்னா குடுக்க மாட்டான்."

அவள் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். "திறங்க" என்றாள்.

கீழே ஓடினேன். வால்வை மயிரிழை திறந்தேன்.

"வருதா?"

"வரல! இன்னும்!"

"இப்ப?"

"குமிழி வருது! இன்னும் கொஞ்சம்! போதும், போதும், அப்படியே நிறுத்துங்க!"

நான் வால்வைப் பிடித்தபடி நின்றேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு இருமல் கேட்டது. இருமலுக்கு இப்படிச் சந்தோஷப்படுகிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மெல்ல மேலே போனேன். அவன் உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கிடந்தான். அவள் நோட்டில் ஏதோ எழுதிவிட்டு என்னிடம் காட்டினாள். இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம். "என் கணக்கு சரியாத்தான் இருந்துச்சுண்ணே" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அதற்கு மேல் எனக்கு அடக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன?"

"கம்பி. ரெண்டு மாசம் முன்னாடி திரும்பச் சுத்தும்போதே பாத்தேன். துளையில ஆடுச்சு. வளையம் வச்சு இறுக்கிக் குடுத்துட்டேன். காலைல நீ கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு சொன்னது பொய்."

அவள் அழுகை நின்றுவிட்டது. "எவ்வளவு இளைச்சிருந்துச்சு?"

"பாதி."

"பெட்டிங்க வீடுகளுக்குப் போறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"ஏன் சொல்லல?"

"நான்தான் வெட்டி எடுத்துட்டேன்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்மா."

அவள் குமிழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உங்களைப் போய்ச் சொல்வேனா" என்பாள் என்று எதிர்பார்த்தேன். காலையில் எனக்காகச் சண்டை போட்டவள் அல்லவா?

"சொல்லியிருப்பேன்" என்றாள். "காலைல உங்களுக்காகப் பேசுனேன்னா, பொடியச் சுரண்டிப் பாத்திருந்தேன், அதனால. ரெண்டு மாசம் முன்னாடின்னா நானும் உங்களத்தான் கேட்டிருப்பேன். என் பொடி மேல அவ்வளவு நம்பிக்கை."

நான் கீழே இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தேன். வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. சிலிண்டரின் அளவு முள் கால்வாசியில் நின்றது; மின்சாரம் வருகிறவரைக்கும் அது போதுமா என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இனிமேல் அந்த வீட்டில் என்னை யார் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். பதினொரு வீடுகளை நினைத்தேன். வால்வில் வைத்த கையை எடுக்கப் பயமாக இருந்தது.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வரும்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே! கொஞ்சம் திறங்க."

திறந்தேன்.